புது வயரும் இந்திரகுமாரின் காதும்

புலம்பெயர்ந்து வந்து, டண்டினொங்கில் தகரம் அழுத்துகிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்ற மனிதனுக்குக் காது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று இந்திரகுமாருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம். வருடம் ஒருமுறை வேலையிடத்துக்குக் காது பரிசோதிக்க ஆள் வரும். போன இரண்டு தடவையும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டான்.

காது போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அதுதான் பயம்.

ஞாயிறு மதியம் கோயிலால் வந்து நாலைந்து பேர் இரத்தினசிங்கத்தார் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்பார்கள். அவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். ஒரு கல்யாண வீட்டில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற இந்திரகுமாரை, "பாட்டு வந்தால் வேலையை விட்டுட்டு நிக்கிறியே, எங்கட வீட்டை வா தம்பி" என்று கூப்பிட்டவர் அவர்தான். கிழமை முழுக்க இரும்பு இடிக்கிற சத்தத்தில் நின்றவனுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் உடம்புக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும். அந்த மனிதரை அவன் நன்றியோடு நினைக்காத நாளில்லை.

பாட்டின் சத்தத்தைப் பெருக்குகிற அவருடைய அம்ப் 'நியூட்ரல்' வகை. "ஒண்டையும் கூட்டாது, ஒண்டையும் குறைக்காது, பாடினது பாடினபடி வரும்" என்பார். மாசியில் அதிலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் போகப் பெருவிரல் மொத்தத்தில் புது வயர் வாங்கினார்.

"எப்பிடி இருக்கு?"

"புழுக்க அறையிலை யன்னல் திறந்த மாதிரி அண்ணை!" என்றான் எலக்ட்ரீசியன் கபிலன். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். இந்திரகுமாருக்கு ஒரு துளி வித்தியாசமும் கேட்கவில்லை. அவனும் தலையாட்டினான். காது போய்விட்டது என்றே நினைத்தான். அதற்குப் பிறகு வேலை என்று பொய் சொல்லி மூன்று ஞாயிறு போகவில்லை.

நாலாவது ஞாயிறு இரத்தினசிங்கத்தாரே காரோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் அவருடைய மனைவி சிவகௌரி பெரிய போர்வை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பீக்கர்களையும் அம்பையும் மறைத்துவைத்திருந்தார்.

"எல்லாருமாச் சேந்து இந்தாளை வானத்திலை ஏத்துறியள். இப்ப மின்சார வயரும் மாத்தவேணுமாம். கபிலன் பின்னாலை நிண்டு காசு சுண்டி மாத்தட்டும். எது பழசு, எது புதுசெண்டு பாக்காமல் சொல்லுங்கோ பாப்பம்."

"சொல்லுவம், சொல்லுவம்" என்று இரத்தினசிங்கத்தார் கால்மேல் கால் போட்டார். பழையது, கடையில் வாங்கிய சாதாரண இரட்டை வயர்.

ஒரே பாட்டு, ஒரே சத்தம். ஐந்து தடவை கபிலன் மாற்றினான், ஐந்து தடவை அவர்கள் சொன்னார்கள். இந்திரகுமார் மட்டும் ஒவ்வொரு முறையும், "எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றான். அப்படிச் சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது.

ஆறாவது தடவை இரத்தினசிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இதுதான்! இதுதான் புதுசு! சுவர் விலகி அறை பெருத்தமாதிரி இல்லையோ?"

"ஓம் அண்ணை, பெருத்துத்தான் போச்சு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இந்திரகுமார் நெற்றியைச் சுருக்கினான். பாடுகிறவள் எங்கே? இவ்வளவு நேரமும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பாடியவள், இப்போது எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பிடிபடவில்லை. மிருதங்கத்தின் அடிச்சத்தம் மெலிந்து சவமாகக் கிடந்தது.

"அண்ணை, பிழையா நினையாதேங்கோ. அவ நடுவிலை இல்லை. மிருதங்கமும் காஞ்சு போச்சு. ஏதோ பிழை."

"உனக்கு விளங்கேல்லையடாப்பா."

போர்வைக்குப் பின்னால் வயரைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு கபிலனின் குரல் வந்தது: "ஐயோ, அண்ணை."

சிவகௌரி போர்வையை விலக்கினார். கொழுவியிருந்தது பழைய வயர். அதில் எந்த இழை எது என்று காட்ட மெல்லிய கோடு ஒன்றுதான் உண்டு. அவசரத்தில் கபிலன் அதைப் பார்க்காமல் ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் இழையை மாறிப் பூட்டியிருந்தான். அப்படிப் பூட்டினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்து, அடிச்சத்தத்தை விழுத்தும். குரல் சிதறி அறை பெருத்த மாதிரித்தான் கேட்கும்.

சிவகௌரி தான் குறித்துவைத்த விடைகளைக் கபிலனின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். மற்ற ஐந்து தடவையிலும் யாருமே மூன்றுக்கு மேல் சரியாகச் சொல்லவில்லை.

"எட கபிலன், நீ எல்லே யன்னல் திறந்ததெண்டனீ?" என்றார் இரத்தினசிங்கத்தார்.

"நீங்கள் ஆசையா வாங்கிக் கொழுவிப்போட்டுக் கேட்டால், ஒண்டும் இல்லையெண்டு சொல்ல வாய் வருமோ? சமைச்சுப் போட்ட வீட்டிலை உப்பில்லை எண்டு சொல்லுவமோ?"

இரத்தினசிங்கத்தாரின் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணால் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

இந்திரகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கும் கேட்கவில்லையா? ஒருத்தருக்குமே கேட்கவில்லையா? நாலு கிழமையாய் நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது. கதிரையில் இருந்துகொண்டு, லீவு போட்ட கதையையும் பொய் சொன்ன கதையையும் முழுக்கச் சொன்னான்.

இரத்தினசிங்கத்தார் வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிழை என்ரை வயரிலையும் இல்லை, உன்ரை காதிலையும் இல்லை. எங்கட வாயிலை. இந்த அறையிலை உண்மை சொன்ன ஆள் நீதான். ஆனால் பாட்டுக் கேக்கிறது வேறை, பரிசோதனை வேறை. கட்டாயம் போய்ச் செய்."

வியாழக்கிழமை ஒரு காது கிளினிக்குக்குப் போய்ச் செய்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, 'கீச்' என்று கேட்ட நேரமெல்லாம் பொத்தானை அழுத்தினான். உச்சஸ்தாயிச் சத்தங்கள் கேட்பது கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் வயதுக்குத் தக்கபடி நல்லாயிருக்கிறது, காதடைப்பான் இல்லாமல் இனி மெஷினுக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று பரிசோதித்த பெண் சொன்னாள். அவளுக்கு மூன்று தரம் நன்றி சொன்னான்.

வெளியே வந்து, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் நின்று இரத்தினசிங்கத்தாருக்குப் போன் எடுத்தான்.

"தம்பி! நான் கதைக்கிறது கேக்குதோ?"

"கத்தாதேங்கோ அண்ணை. நல்லாக் கேக்குது."