இரண்டு தடம் விட்ட சைக்கிள்

ராஜினாமாக் கடிதத்தை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை தபால்காரர் மாரியப்பன் வரும்போது கொடுத்துவிடுவதாக இருந்தேன். நடுவில் சனியும் ஞாயிறும் இருந்தன.

அந்த இரண்டு நாட்கள்தான் எனக்கு எப்போதும் கஷ்டம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் இருக்கும். ஜில்லா போர்டு பெண்கள் பள்ளி, நாற்பத்திரண்டு குழந்தைகள். பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான் அங்கே வாய்ப்பாடும் தையலும் சொல்லிக்கொடுத்தேன். அதில் வருத்தமில்லை. சனிக்கிழமை மதியம் பள்ளியைப் பூட்டினால் திங்கட்கிழமை மணியடிக்கும்வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறேன் என்பதை ஒரு வாரம் தற்செயலாகக் கவனித்தேன். அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். பதினோரு வாரம் ஆகியிருந்தது.

ஊரார் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. நான் தெருவில் வந்தால் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்பவர்களோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னோடு படித்த ரெஜினா ஜோலார்பேட்டையில் வேலை பார்த்தாள். பொம்மிடியில் காலைப் பாசஞ்சரைப் பிடித்தால் அவளோடு மதியம் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆனால் பொம்மிடி ஸ்டேஷன் ஏழு மைல். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ் கரிப்புகையில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஓடாது. சென்னை விடுதியில் ரெஜினாதான் எனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவள். மாட்டுத் தரகர் காளியப்பன் வீட்டில் ஒரு பெண்கள் சைக்கிள் கிடக்கிறது என்று பள்ளிக் குழந்தை ஒன்று சொன்னதும் மனதில் கணக்கு எளிதாகிவிட்டது. சைக்கிள் ஓடுமென்றால் இங்கே இருக்கலாம். ஓடாதென்றால் கடிதம் போகும்.

சனிக்கிழமை மதியம் போனேன். சைக்கிள் மாட்டுக்கொட்டகையில், கூரை மூங்கிலில் கயிறு போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. காளியப்பன் அதை இறக்கிக் களத்தில் நிறுத்தினார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்கள்.

"ஃபாரஸ்ட் துரையோட சம்சாரம் ஓட்டுனதுங்க. ஊருக்குப் போறப்ப ரெண்டு கறவை, ஒரு கன்னுக்குட்டி எங்கிட்ட வித்துட்டுப் போனாங்க. அதுங்களோட இதுவும் வந்துது" என்றார் காளியப்பன். "நல்ல வண்டிங்க டீச்சரம்மா. தீனி கேக்காது. சாணி போடாது."

"பாலும் குடுக்காது" என்றாள் அவர் மனைவி சென்னம்மாள், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "ரெண்டு வருசமா என் தலையிலதான் இடிக்குது. வித்துத் தொலைக்கச் சொன்னா, மாடு வாங்க வர்றவன்கிட்ட எல்லாம் சைக்கிளைக் காட்றாரு."

நான் குனிந்து பார்த்தேன். பேச வேண்டியிராத வேலை எனக்கு நன்றாக வரும். பெயர்ப்பட்டை உதிர்ந்திருந்தது. கறுப்புப் பூச்சுக்கு அடியில் துரு. டயர் இரண்டும் வெடித்திருந்தன. யுத்த காலத்தில் புதிதாக வாங்கச் சர்க்கார் பர்மிட் வேண்டும். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் முன்புறம் செயினைப் பிடித்து இழுத்தேன். சக்கரத்தை விட்டு அரை விரல் விலகி வந்தது. பற்கள் ஒரே பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தன.

"பல்லைப் புடிச்சுப் பாக்குறாங்கடா" என்றார் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். "டீச்சரம்மாவுக்கு மாட்டு யாவாரம் தெரியுது."

முகம் சூடானது. நிமிராமல் சென்னம்மாளிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்துக் கழுவி எடுத்து வந்தாள். நான் அதை இரண்டு டயர்களிலும் ஊற்றிவிட்டு, காய்ந்த களத்தில் சைக்கிளை நேராகப் பத்தடி தள்ளினேன். நல்ல சைக்கிள் என்றால் முன்சக்கரத்தின் ஈரத்தடத்தின் மேலேயே பின்சக்கரமும் வரும்; ஒரே கோடுதான் இருக்கும். இது இரண்டு கோடு போட்டது. நடுவே ஒரு விரல் இடைவெளி. எங்கோ மோதியதில் சட்டமே வளைந்திருக்கிறது. ஓட்டினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். என் கணக்கில் இருபது ரூபாய்க்கு மேல் பெறாது. வாங்கினாலும் ஓடாது.

வெயிலில் இரண்டு கோடும் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின் மட்கார்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். உடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க நூல் கோத்துக் கட்டிய துளைகள்.

"அந்தம்மா தினமும் ஓட்டுவாங்களா?" என்று சென்னம்மாளிடம் கேட்டேன்.

"சாயங்காலமானா கெளம்பிருவாங்க. பொம்மிடிக்குத்தான். ரயிலு வர்றவரைக்கும் நிப்பாங்களாம், போனதும் திரும்பிருவாங்களாம். ஏறவும் மாட்டாங்க, யாரும் எறங்கவும் மாட்டாங்க." சொம்பை வாங்கிக்கொண்டாள். "ஒரு நாளு மழைக்கு இங்க ஒதுங்குனாங்க. மோர் குடுத்தேன். என்னமோ சொன்னாங்க. எனக்கு வெளங்கலை. சிரிச்சு வெச்சேன்."

நான் சைக்கிளை மூங்கில் தூணில் சாய்த்தேன். "வேண்டாங்க" என்றேன், காளியப்பனைப் பார்க்காமல்.

"வேணாம்னா அதையும் கையிலதான் சொல்லோணும்" என்றார் அவர். கோபமாக இல்லை. "பல்லு பாத்தவங்க விலை கேக்காம போனா பொருளுக்கு ஆகாதுங்க. அப்பறம் யாரும் வாங்க மாட்டாங்க."

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கைகளை வைத்துக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. சந்தையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காளியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என் கையைப் பார்த்தார். அப்புறம் துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்திருந்த இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இப்ப என்னா பண்ணுவ காளியப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எம் பொறப்புல பொம்பளை கையைப் புடிச்சு யாவாரம் பண்ணதில்லைடா. துரைசானிக்குப் பதிலா பட்லர்தான் கை குடுத்தான்."

"நீ தள்ளு" என்றாள் சென்னம்மாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். முந்தானையை விரித்துப் பிடித்தாள். "வாங்க டீச்சரம்மா. ஒரு வெரலுக்குப் பத்து ரூவா. நான் இத்தனைன்னு புடிப்பேன். கட்டலைன்னா கையை உருவிக்கோங்க, அதோட போச்சு. கட்டுச்சின்னா எங் கையை முழுசாப் புடிச்சுருங்க, முடிஞ்சுது. அவ்வளவுதான்."

உருவிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு கையை நீட்டினேன்.

முந்தானை கைகளை மூடியது. அவள் கை பெரியது, சொரசொரப்பானது, இன்னும் ஈரம் காயாதது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நாற்பது ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இருபதுகூடப் பெறாத சைக்கிள், வளைந்த சட்டம், தேய்ந்த பல், வெடித்த டயர். எல்லாம் எனக்குத் தெரிந்தது. கையை உருவ வேண்டும் என்பதும் தெரிந்தது.

இந்த ஊருக்கு வந்த பிறகு யாரும் என்னைத் தொட்டதில்லை. அதை நான் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை.

அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள். நான் அவள் கையை முழுதாகப் பிடித்துக்கொண்டேன்.

"முடிஞ்சுது" என்றாள் சென்னம்மாள். அப்புறம் மெதுவாக, "வுடுங்க, போதும்" என்றாள்.

விட்டேன்.

"ஏன் கை இப்பிடி சில்லுன்னு இருக்குது?"

"எப்பவும் இப்படித்தாங்க."

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளிடம் போனாள். பணத்தை இரண்டு சம்பளத்தில் கொடுத்தால் போதும் என்று சொல்லி, காளியப்பன் சந்தோஷமாக ஹேண்டில்பாரில் கட்டியிருந்த கயிற்றை என் கையில் கொடுத்தார். மாட்டை விற்றால் கயிற்றோடுதான் கொடுக்க வேண்டுமாம்.

நான் புளி மண்டிக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டியில் உதிர்ந்து கிடந்த புளியைப் பொறுக்கித் தண்ணீரில் கரைத்து, ரிம்மையும் ஹேண்டில்பாரையும் தேய்த்தேன். புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். மதியத்துக்குள் பாதித் துரு போய்விட்டது. பிறகு பள்ளியிலிருந்து தையல் நூல் எடுத்துவந்து, மட்கார்டுத் துளைகளில் ஒவ்வொன்றாகக் கோத்துச் சக்கரத்தின் நடுவுக்கு இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கத்துக்கு இருபத்து மூன்று துளை. அன்றும் யாரோடும் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை பேசியிருந்தேன்; பன்னிரண்டாவது வாரம் கணக்கில் சேராது. விளக்கேற்றும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை மாரியப்பன் வந்தார்.

"தபால் ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சரம்மா?"

கடிதம் பெட்டியில், புடவைகளுக்கு மேலாகவே இருந்தது.

"இல்லைங்க."

அவர் சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். "காளியப்பன் வூட்டு வண்டியாச்சே. ஓடுதுங்களா?"

"டயர் வேணும். பர்மிட் வாங்கணும்."

"அதுக்கு எழுதிப் போட்டாத்தானுங்களே வரும்?"

"எழுதணும்."

"அப்ப எழுதிக் குடுங்க. கையோட எடுத்துட்டுப் போறேன்."

நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அவரைக் கேட்டேன். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.