ஜெஸ்லாவின் ஜீப்புக்கு ஒரு பூட்டு

அளவுத் தகடு இடைவெளிக்குள் சரியான இறுக்கத்தில் நுழைந்தது. அதுதான் ஷிஹாமுக்குப் பிடிக்கவில்லை. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தான். சனியன், அதே இறுக்கம்.

நாலந்தாவில் அவர்கள் வீட்டு முற்றத்தில், பின்சில்லுகள் கழற்றப்பட்ட பழைய ஜப்பான் ஜீப் மரக்குற்றிகளின் மேல் நின்றது. அதை ஓட்டுவது அவன் மனைவி ஜெஸ்லா. பல்லேகமவுக்கு மேலேயுள்ள ஊர்களில் மிளகும் ஏலக்காயும் வாங்கி இறக்குவது அவள் தொழில். முன்பு அவன்தான் ஓட்டினான். இடக்கண் பார்வை மங்கியதும் அவள் பழகிக்கொண்டாள், அவனைவிட நன்றாகவே. போன மழையில் ஓர் ஏற்றத்தில் ஒரு பின்சில்லு சேற்றில் சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்க, ஜீப் பின்னால் வழுக்கிப் பலாமரமொன்றில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். அவள் அங்கிருந்தே ஃபோனில் கோல் எடுத்துச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவனுக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

விற்றுவிடுவோம், கலேவெலயில் ஓர் ஆள் கேட்கிறான் என்று நச்சரித்தான். அவளோ கொழும்பிலிருந்து லொக்கர் என்ற சில்லுப் பூட்டொன்றை வரவழைத்தாள். பின்சில்லுகளுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலுக்குள் அதைப் போட்டால் சேற்றில் இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடித்து இழுக்கும். "இது பொருந்தாட்டி கலேவெல ஆளுக்கே ஜீப்பக் குடுத்துருவோம். பொறகு நான் வாய் தொறக்க மாட்டேன்" என்றாள். பொருந்துகிறதா என்று சொல்லவேண்டியவன் அவன். றியாத்தில் கராஜ் வேலை பார்த்தவன். லொக்கரின் இடைவெளியை அளக்கும் தகட்டின் இறுக்கம் அவன் விரலுக்குத்தான் தெரியும்.

"எப்பிடி?" பழைய பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த ஜெஸ்லா கேட்டாள்.

"பொருந்தாது."

சண்டைக்குத் தயாராக இருந்தான். கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருப்பான், பழைய வண்டிக்கு இதெல்லாம் சரிவராது என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தான். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு, மேலே மிளகு கொடுக்கும் தினுஷாவுக்குக் கோல் எடுத்தாள். சிங்களத்தில் பேசினாள். இந்த முறை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாள், இனி வரமாட்டேன் என்றாள், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, பல்சக்கரங்களைத் துடைத்து ஒவ்வொன்றாக அவன் பக்கம் வைத்தாள்.

"பழசயே போட்டு மூடுங்க. விக்கிற வண்டியெண்டாலும் ஓடணுமே."

அப்படியே நம்பிவிட்டாள். ஷிஹாமுக்கு வெட்கமாக இருந்தது. அதற்காகப் பயமும் போய்விடவில்லை. கொஞ்ச நேரம் ஒரு பல்சக்கரத்தைக் கையில் வைத்து உருட்டினான். பிறகு தகட்டை எடுத்தான்.

"இன்னொருக்கா பாக்குறேன்." விட்டுப் பார்த்தான். "போகுது. பொருந்தும்."

ஜெஸ்லா அவன் முகத்தைப் பார்த்தாள். "மொதல்லயும் போனதுதானே?"

அவன் தகட்டைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அந்த மரம் இல்லாட்டி என்னா நடந்திருக்கும் ஜெஸ்லா?"

"அதுக்குத்தானே இத வாங்கினேன்." குரலில் கோபம் இருந்தது. "நான் வருவேனெண்டு தினுஷாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்க. உங்கட சிங்களத்துல."

சொன்னான். தினுஷா அவன் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்தது ஜெஸ்லாவுக்கும் கேட்டது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, லொக்கரை உள்ளே வைத்து எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, சில்லுகளை மாட்டினார்கள். ஜீப் இன்னும் குற்றிகளின் மேல்தான். கியரில் போட்டுவிட்டு, ஒருவர் ஒரு பின்சில்லை முன்பக்கம் திருப்பி இறுக்கிப் பிடிக்க, மற்றவர் மற்றச் சில்லைப் பின்பக்கம் சுற்றிப் பார்க்க வேண்டும். அது டிக் டிக்கென்று தட்டிக்கொண்டு சுற்றினால் வேலை சரி. பிடித்தவர் கையை விட்டால் ஒன்றும் தெரியாது.

"விட்டுராத."

"நான் விடல்ல. நீங்க சுத்துங்க."

குனிந்து ஜீப்புக்கு அடியால் பார்த்தான். அந்தப் பக்கச் சில்லில் அவள் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய். சுற்றினான். டிக், டிக், டிக்.

"சரியா?"

சரியாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடி" என்றான்.