பதினேழாவது கட்டம்

1

இந்தக் கதையை என் அக்கா ரமா சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுப் போனாள். அஸ்தினாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை.

"இருபத்திரண்டு பேர்ல இருபத்தோரு பேர் சைன் பண்ணிட்டோம்டா. கணக்கு டீச்சர் சுப்ரஜா மட்டும் மாட்டேங்கறா. என்ன திமிரோ," என்றவள் மோரை ஊற்றிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு நான்கு மாதமாகச் சிட்லபாக்கத்தில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கு நேரம் உண்டு.

2

முதல் தொடக்கம்: "சிறு வயதிலிருந்தே அநீதியைக் கண்டால் சுப்ரஜா…" வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "அவள் அப்பா தொழிற்சங்கத்தில்…" இல்லை. வேலைநிறுத்த நாளில்கூடப் பின்வாசல் வழியாக ஆபீசுக்குள் போனவராம் அவர். (சொன்னது ரமா.)

மூன்றாவது: நடந்ததைச் சொல்லிவிடுவது.

3

செவ்வாய்க்கிழமை மதியம் யு.கே.ஜி. குழந்தை ஒன்று திறந்திருந்த கேட் வழியாக வெளியே போய்விட்டது. இருபது நிமிடம் கழித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில், மெஷினில் ஓடும் வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் குழந்தையின் அப்பா எழுத்துமூலம் பதில் கேட்டார்.

கேட்டில் இருக்க வேண்டியவர் ஆயா அம்மணி. அந்த நேரத்தில் அவர் விருந்தினர்களுக்குப் போண்டா வாங்கப் போயிருந்தார். அனுப்பியவர் துணை முதல்வர் தோத்தாத்ரி. பள்ளியில் எல்லோருக்கும் இது தெரியும்.

மறுநாள் சர்க்குலர் நோட்டு வகுப்பு வகுப்பாக வந்தது. பாடம் நடக்கும்போதே வரும். பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். யாரும் படிப்பதில்லை. இந்த முறை நோட்டுக்குள் ஒரு தனித்தாள் இருந்தது. "அம்மணி தன் இஷ்டப்படி கேட்டை விட்டுச் சென்றதைக் கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் நேரில் பார்த்தோம்." அதற்குக் கீழே இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பதினேழாவது பெயர் சுப்ரஜா.

பின்னக் கணக்கைப் பாதியில் நிறுத்திப் பேனாவை எடுத்தவள், தாளைப் படித்தாள். பேனாவை மூடினாள். [எல்லாரும் படிக்காததை இவள் ஏன் படித்தாள்? தெரியவில்லை. தெரிந்த பிறகு இங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும்.]

மதியம் தோத்தாத்ரி ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, பதினேழு மட்டும் காலியா இருக்கே?"

"நான் பாக்கலையே சார். மாடியில கிளாஸ் எடுத்துட்டு இருந்தேன்."

"யாரும்மா பாத்தா? ஒரு ஃபார்மாலிட்டி. ஒருத்தர் விடாம எல்லார் சைனும் வேணும்கறார் கரஸ்பாண்டன்ட். அப்பதான் அந்தம்மாவை வேலைய விட்டு அனுப்ப முடியும். ஒரு கட்டம் காலின்னாலும் பேப்பர் செல்லாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம்."

"அப்ப செல்லாது சார்."

மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாளாம்.

4

சுப்ரஜாவுக்கு அம்மணி மேல் பாசம் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இருவருக்கும் ஆகாது. கேட் ஓரம் அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதைப் பற்றி ஆபீசில் புகார் சொன்னவரே அம்மணிதான். அன்று சாயங்காலமும் அங்கேதான் நிறுத்தியிருந்தாள்.

"இன்னா டீச்சர், நீ மட்டும் போடலியாமே?"

"ஆமா."

"போட்டுடு. நான் நாலு வூட்ல பாத்திரம் தேச்சுப் பொழச்சுக்குவேன். உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"உங்களுக்காகப் போடாம இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கு?"

சுப்ரஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"சரி, வண்டிய அந்தாண்ட எடு. வேன் வரணும்."

(ரமா பக்கத்தில் நின்று கேட்டது இது. அம்மணிக்குப் புருஷன் இல்லை, பெண் காலேஜில் படிக்கிறாள் என்பதையும் ரமாதான் சொன்னாள், கேட்காமலே.)

5

நான் வேலையை விட்டபோது, மேனேஜரை எதிர்த்துக்கொண்டு வந்தவன் என்று நண்பர்கள் நினைத்தார்கள். உண்மையில் எனக்கு வயிற்றுப்புண். அதனால் எதிர்ப்பவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நேற்று சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதையில் சுப்ரஜாவைப் பார்த்தேன். ரமாவின் தம்பி என்று சொல்லிக் கேட்டேவிட்டேன்.

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஜூன்ல எனக்கு கான்ட்ராக்ட் ரின்யூவல்."

"அப்புறம் ஏன்?"

"தெரியலைங்க. படிச்சேன். நான் அங்க இல்ல. அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் நடந்தாள். "எல்லாரும் என்கிட்டயே வந்து கேக்கறீங்க. போட்ட இருபத்தோரு பேர்ல ஒருத்தரையாவது ஏன் போட்டீங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதில் ஒருத்தி எனக்குத் தினமும் சோறு போடுகிறாள்.

6

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ரமா டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்க்கா போட்ட?"

"நான் நாலாவது. எனக்கு மேல மூணு பேர் போட்டிருந்தாங்க."

"அந்த மூணு பேர்?"

"கீழ பத்தொம்பது பேர் இருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க."

"படிச்சியா?"

"கிளாஸ் நடந்துட்டு இருந்துதுடா." பாக்ஸின் மூடியை இரண்டு முறை அழுத்தினாள். "அப்புறமா படிச்சேன். சரி, போட்ட கையெழுத்தை அடிக்க விடுவாங்களா?"

"தெரியல."

"கதை கிதைன்னு எழுதி என் பேரைப் போட்டுத் தொலைக்காத."

(போட்டுவிட்டேன்.)

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். மேசை மேல் இருந்த என் பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். இந்த வரியிலிருந்து பென்சிலில் எழுதுகிறேன்.

7

மணி பதினொன்று. மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன. பன்னிரண்டு மணிக்கு சுப்ரஜா கையெழுத்துப் போட்டுவிடுகிறாள், மனிதர்கள் போடுவார்கள். அல்லது ரமா நான்காவது கட்டத்தை அடித்துவிடுகிறாள். அவளை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் என்பதால் இதைச் சத்தியம் செய்ய மாட்டேன். அல்லது தோத்தாத்ரி சுப்ரஜாவின் பெயரை எடுத்துவிட்டு அங்கே வேறொரு பெயரை வைத்துப் புதுத்தாள் அச்சடிக்கிறார். விவரமான ஆள், எனக்கு இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பெயரை நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுடையதை வைத்திருக்கிறேன். நீங்கள் அன்று கேட் அருகே இல்லை. அதனால் ஒன்றுமில்லை, மற்றவர்களும் இல்லை. பாடம் நடந்துகொண்டிருக்கிறது. நோட்டு உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. மேலே பதினாறு கையெழுத்துகள் இருக்கின்றன. வாசலில் நோட்டைக் கொண்டுவந்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்.

17. ……………………