இருக்கையை விட்டு இறங்காதவர்

அந்தப் புல்வெட்டும் டிராக்டருக்கு ஒரே ஓர் அறிவைத்தான் கொடுத்திருந்தார்கள்: தன்மேல் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பது. இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுபவர் எழுந்தால் இஞ்சின் நின்றுவிடும்.

அன்று காலை, மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள சரிவின் அடியில், ஒடிந்து கிடந்த கிளையை அகற்றத் தோட்டக்காரர் இறங்கினார். இஞ்சின் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தார். இருக்கையின் மெத்தை அமுங்கியே இருந்தது.

அங்கேயே மெக்கானிக்காக இருந்த மைத்துனன் வந்து, மணல் மூட்டையை இருக்கையில் வைத்தும் எடுத்தும் பார்த்தான். எடுத்தபோதெல்லாம் இஞ்சின் ஒழுங்காக நின்றது.

"சுவிட்ச் பக்காவா இருக்கு மாமா. அக்கா போட்ட சாப்பாட்டுல பாதிய சீட்லயே விட்டுட்டு எறங்குறீங்களோ என்னவோ!"

"வாய மூடுடா. நெட்டையர் இந்தச் சுவிட்சத்தான் கம்பியால கட்டி வெச்சிருந்தாரு."

மைத்துனனின் சிரிப்பு அடங்கியது. நெட்டையர் முன்பு இதே வண்டியை ஓட்டியவர். மேடுபள்ளத்தில் உடல் எம்பும்போதெல்லாம் இஞ்சின் நிற்கிறதென்று எரிச்சல்பட்டுச் சுவிட்சைக் கட்டிப்போட்டார். பிறகொரு நாள், உச்சிவரை ஏறச் சோம்பல்பட்டு, ஈரப்புல்லில் பாதிச் சரிவிலேயே வண்டியைக் குறுக்கே திருப்பினார். வண்டி புரண்டு அவர் விழுந்த பின்னும், ஆள் இருப்பதாகவே நம்பி, பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது.

"பனி இன்னும் காயல மாமா. அப்புறம் வெட்டலாமே?"

"பத்து மணிக்குள்ள முடிக்கலேன்னா நாளைக்கு வேற ஆளுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நேரா ஏறி நேரா எறங்குறேன். எங்கயும் திருப்ப மாட்டேன்."

பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஏறினார். பாதிச் சரிவில் ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அதில் முரட்டுத்தனம் இல்லை. பழகிய கை ஒன்று வழக்கமான வேலையைச் செய்வதுபோல் இருந்தது. பின்சக்கரம் வழுக்கியது. அவர் முதலில் பிளேடை நிறுத்தினார். வேலை போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார்.

"அண்ணே, இங்க திருப்பாதீங்க. வந்த வழியே எறங்கிடலாம். நானும் கூடத்தான் வர்றேன்."

ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்தக் கையின் பிடி தளர்ந்தது. வண்டி பின்னோக்கி, அங்குலம் அங்குலமாக, நேராக இறங்கியது. சமதரையில் அவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"தரை வந்துருச்சுண்ணே. எறங்குங்க."

மெத்தை மெல்ல மேலெழுந்தது. இஞ்சின் நின்றது. வண்டியின் அருகே பனிபடர்ந்த புல் ஒவ்வோர் அடியாக மடிந்து, மருத்துவமனையின் பின்வாசல் கதவை நோக்கி நீண்டது. இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பத்து மணிக்கு மேனேஜர் அந்தக் கதவு வழியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. எதையோ கேட்கப் போனவர், தாம் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"புல்லு காஞ்சதும் வெட்டுறேன் சார்" என்றார் தோட்டக்காரர்.

"காயட்டும்" என்றார் மேனேஜர். "நல்லாக் காயட்டும்."