பன்னிரண்டு புற்களிலும் அதே இடம்

தலை தொங்கிக் கிடக்கிறது நெல், நாற்றுத் தட்டில், தண்ணீரை நிறுத்திய பதினோராம் நாள், வாடவே வாடாது என்று கலாமணி அடித்துச் சொன்ன நெல், பக்கத்தில் நிற்கிறான் கூட வேலை பார்க்கும் வில்பிரட், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை, தட்டை எடுத்து ஓரமாக வைக்கிறான், ஏழு வருஷம் கழித்து இந்த மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தக் காய்ந்த மண் இன்னும் விரலில் ஒட்டுகிறது. வறட்சியில் செடியைக் காக்கிற வரகின் மரபணு ஒன்றை நெல்லில் ஏற்றினார்கள், மரபணு என்றால் மூன்று மூன்று எழுத்துச் சொற்கள், ஒரே பொருளுக்கு நாலைந்து சொல் இருக்கும், நாகர்கோவில்காரன் வெள்ளம் என்பதைக் கோயம்புத்தூர்க்காரி தண்ணி என்கிற மாதிரி செடிக்குச் செடி ஒரு பழக்கம், பழகிய சொல்லை வேகமாகப் படிக்கும், பழகாததில் தயங்கும், தயங்குகிற சொல்லையெல்லாம் மாற்றிவிட்டால் செடியைக் காக்கிற புரதம் மளமளவென்று வந்துவிடும் என்பது அவள் கணக்கு. எல்லாத்தையும் மாத்தாண்டாம் கலா, பைய போற எடத்துல பைய போவட்டும், அங்கன வச்சுதான் புரதம் ஒழுங்கா மடிஞ்சு வடிவத்துக்கு வரும் என்று வரிசையில் ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டினான் வில்பிரட், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள் இவள், உங்க சோம்பேறித்தனத்தச் செடி மேல ஏத்தாதீங்க என்று ஆறு பேர் முன்னால் சொன்னாள், அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அதற்கு முந்தின வாரம்தான் கேண்டீனில் அவன், நம்ம காரியத்த வீட்ல பேசட்டா என்று கேட்டிருந்தான், நாத்து முடிவு வரட்டுமுங்க என்று சிரித்திருந்தாள், முடிவு வந்தது, அவன் வேலை மாற்றிக்கொண்டு ஹைதராபாத் போனான், வழியனுப்பப் போகலாமென்று சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் ரயில் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

கெட்ட பின் ஞானி. பன்னிரண்டு புல்லினங்களின் வறட்சி மரபணுக்களை இன்று வரிசையாக வைத்துப் பார்த்தால், தயங்குகிற சொற்கள் பன்னிரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன, அவன் விரல் வைத்துக் காட்டிய அதே இடம், அவன் இங்கே இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எத்தனை கேள்வி கேட்டிருப்பான், அந்தக் குரல் வேண்டும் போலிருந்தது, அவன் வேண்டும் போலிருந்தது, உங்கள நெனைக்காத நாளில்லைங்க என்று நாலு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அழைத்தாள். கலாவா என்றான் எடுத்ததுமே. நீங்க சொன்னதுதான் சரிங்க, பன்னெண்டுலயும் அதே எடந்தானுங்க என்றாள். அத விடு, நீ நல்லா இருக்கியா என்று கேட்டான், அதற்குள் ஒரு குழந்தை அப்பா என்று இழுத்து அழைத்தது, மவளுக்குக் காய்ச்சல், என் மடிய விட்டு எறங்க மாட்டேங்கா, நீ சொல்லு என்றான். நாலு தடவை சொல்லிப் பார்த்ததை விட்டுவிட்டாள். கட்டுரையில உங்க பேர முதல்ல போடறேனுங்க, இனிஷியல் என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் என்றாள். அதுவும் மறந்து போச்சா என்று சிரித்துவிட்டு, எம், எஸ், வில்பிரட் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான், காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்த அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபடியே, இருங்க, எழுதிக்கறேனுங்க, இன்னொருக்கா சொல்லுங்க என்றாள்.