சுருதி சேர்த்து முடியவில்லை

"ஒரு பாட்டுக்குக் கூடவா பேர் இல்ல?" என்று தனபாலன் கேட்டார்.

கண்டியில் புடவைக்கடை வைத்திருக்கும் அவர்தான் எங்கள் இசைச் சபையின் செயலாளர். வாசல் பலகையில் எழுத அவருக்குப் பெயர்கள் வேண்டும். நான் பக்கத்துக் கலஹா ஊர்க்காரி; பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்ததால் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து கச்சேரிக்கு வந்திருந்த ஹருயோவிடம் கேட்டேன். ஆள் உயரத்தைவிட நீளமான கோட்டோ என்னும் தந்தி வாத்தியத்தின் பதின்மூன்று தந்திகளையும் துடைத்தபடி அவர் இல்லையென்று தலையசைத்தார். வாசிக்கும்போதுதான் பாட்டு பிறக்குமாம்.

"பரிமளம், கடைசியிலயாவது ஒரு ஜப்பான் மெட்டு வாசிக்கச் சொல்லும்மா. பாதியில ஆளுங்க எழும்பிப் போனா நாளைக்குக் கச்சேரி கிடையாது. டான்ஸ் டீச்சர் மண்டபம் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டாங்க."

அதையும் சொன்னேன்.

"இருபத்தாறு வயதில் என் குருவின் வீட்டிலும் இதையே கேட்டார்கள்," என்றார் ஹருயோ. "முடியாது என்றேன். எனக்கு வைத்த கலைப்பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. எனக்காக நீ எதையும் விளக்க வேண்டாம்."

ஐந்து மணிக்குத் தொடங்கினார். ஒரு தந்தியைச் சுண்டுவார். அதிர்வு அடங்குமுன் அதன் கீழிருக்கும் குதிரை என்ற மரத்தாங்கியைத் தள்ளுவார். சுரம் வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போகும். மறுபடி ஒன்று. கால் மணி நேரம் போனது. கூட்டத்தில் பேச்சு எழுந்தது. திடீரென்று ஓசை மெலிந்தது. மைக் போடும் ஷிராஸ் நானாவிடம் ஓடினேன்.

"சுருதி சேத்து முடிஞ்சா சொல்லுங்க தங்கச்சி," என்றார். "அதுவரைக்கும் நிப்பாட்டி வெச்சீக்கிறேன்."

"இதுதான் கச்சேரி, நானா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மைக்கை மறுபடி போடக் கை சுவிட்சுக்குப் போனது. மேடையிலிருந்து ஹருயோ வேண்டாமென்று விரலை அசைத்தார். பிறகு, சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக இன்னும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். தனபாலன் என்னை முறைத்தார். எழுந்தவர்களில் ஒருவரான, பள்ளிக்கூடத்து வடிவம்மா டீச்சர் வாசலுக்குப் போகவில்லை; சரியாகக் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருந்த கதிரையை முன்னால் இழுத்தார். சிமெந்துத் தரையில் அது கிரீச்சிட்டது.

ஹருயோ விரல்நகத்தைத் தந்தியில் நீளமாக இழுத்தார். அதே கிரீச்.

யாரோ சிரித்தார்கள். டீச்சர் கதிரையை இன்னொரு முறை இழுத்தார், இந்தத் தடவை வேண்டுமென்றே. மேடையிலிருந்து பதில் வந்தது, கொஞ்சம் கீழே இறங்கி. பிறகு இன்னொரு கதிரை, ஓர் இருமல். ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டி வேறொன்றாக்கித் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தளர்ந்த தந்தி மரத்தில் உரசும் ஓசையைக் கேட்க மண்டபம் மூச்சை அடக்கியது. எந்த மெட்டும் வரவில்லை. வாசலுக்குப் போனவர்கள் இரண்டே பேர்.

கூட்டம் கலைந்ததும் தனபாலன் வாசல் பலகையைத் துடைத்தார். சோக்குக்கட்டியை எடுத்தார்.

"நாளைக்கும் பேர் இல்லதானே?"

"இல்லங்க."

'ஹருயோ, ஐந்து மணி' என்று மட்டும் எழுதினார்.

வயரைச் சுருட்டியபடி ஷிராஸ் வந்தார். "தங்கச்சி, நாளைக்கு மைக் வேணுமா வேணாமா? அதையாச்சும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். அதுவும் வாசிக்கும்போதுதான் தெரியுமாம்.