சின்னராஜ் தூக்கிய கை

பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கதை சொல்லும் நிகழ்ச்சி. கதையும் பேச்சுமாக அன்றைய மாலை போய்க்கொண்டிருந்தது. பல் டாக்டர் ஒருவர் பல்லை விட்டுவிட்டுத் தன் விவாகரத்தைப் பேசிச் சிரிக்கவைத்தார். வத்தல்மலையிலிருந்து வந்த ஆண்டி என்பவர், தன்னைக் கரடி துரத்திய கதையைச் சொன்னார். எந்தப் பக்கம் ஓடினார் என்பதில் அவருக்கே குழப்பம். கைதட்டலுக்குக் குறைவில்லை.

ரேவதிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் பார்வையாளர் ஒருவருக்கு மேடை தருவார்கள். ஒரே ஒருவருக்கு. அதற்காக ஒரு வாரமாக அடுப்படியில் கதை சொல்லிப் பழகியிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் சின்னராஜ், தினமும் தக்காளி ஏலம் எடுக்கிறவன், அரைத் தூக்கத்தில் இருந்தான்.

நிகழ்ச்சியை நடத்திய தேவிப்பிரியா மைக்கைப் பிடித்தாள். "யாரு வரீங்க? ஒரு தரம்..."

ரேவதி முந்தானையைச் சரிசெய்தாள். முதல் அழைப்புக்கே எழுந்தால் அலைகிறாள் என்பார்கள்.

"ரெண்டு தரம்..."

சின்னராஜின் கை தானாக மேலே போனது.

"மஞ்ச சட்டை அண்ணன், வாங்க!"

"கைய எறக்குங்க," ரேவதி பல்லைக் கடித்தாள்.

"மார்க்கெட்டுன்னு நெனச்சிட்டேன் ரேவதி."

"ஏன், இங்க கூடை கூடையாவா அடுக்கி வெச்சிருக்காங்க?"

அதற்குள் பின்னால் இருந்தவர்கள் அவனைத் தள்ளிக்கொண்டுபோய் மேடையேற்றிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது ஒரே கதை. வாரம் முழுக்கக் காதில் விழுந்தது.

"காரிமங்கலம் பஸ்ஸுல ஒரு கோழி..."

"சேவலுங்க!" என்றாள் ரேவதி கீழிருந்து.

"சேவல். கட்டு அவுந்து கண்டக்டர் தோள்ல ஏறிடுச்சி. யாருதுன்னு கேட்டாரு. டிக்கெட்டுக்குப் பயந்து ஒரு கெழவரு..."

"கெழவரு இல்ல, பொம்பள! அத இப்பவே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்குது?" ரேவதி எழுந்து நின்றிருந்தாள். "நீங்க கேளுங்க. பஸ்ஸே கம்முனு கெடக்குது. 'யாருதும் இல்லியா? அப்ப எங்க வூட்டுக் கொழம்புக்கு ஆச்சி'ன்னாரு கண்டக்டரு. பின் சீட்டுல ஒரு அம்மா விருட்டுனு எழுந்துச்சி..."

முன்வரிசை நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பின. யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. கதைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தேவிப்பிரியா பொன்னாடையோடு மேடைக்கு வந்தாள். சின்னராஜ் கீழே கைகாட்டினான். அவள் இறங்கிப்போய் ரேவதியின் தோளில் போர்த்தப் பார்த்தாள்.

"இருங்க மேடம்," ரேவதி அவள் கையை விலக்கினாள். "சேவல் இன்னும் எறங்கல."